பழைய ரஷ்யப் பேய்ப்படங்களுக்குள் நுழைவது எப்படி?

பழைய ரஷ்யப் பேய்ப்படங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்டு வரிசைப்படி தொடங்குகிறார்கள். 1909-இல் வந்ததை முதலில் பார்ப்போம், பிறகு 1913, பிறகு 1915 என்று பட்டியல் போடுகிறார்கள். அந்த வழி இரண்டாவது நாளே நின்றுபோகும். முதல் படமே இன்று கிடைக்காது. வசிலி கன்சரோவ் 1909-இல் எடுத்த ‘வீய்’ தொலைந்துவிட்டது. அடுத்து வரும் படங்கள் மௌனப் படங்கள், மெதுவாக நகர்பவை, பாதி அழிந்தவை. பழக்கமில்லாத கண்ணுக்கு அவை வெறும் அருங்காட்சியகப் பொருளாகத் தெரியும்.

அதனால் நடுவில் தொடங்குங்கள். 1967-இல் சோவியத் மாஸ்ஃபிலிம் நிறுவனம் எடுத்த வண்ணப்படமான ‘வீய்’தான் சரியான வாசல். அதிலிருந்து பின்னோக்கி 1915-க்குப் போய், பிறகு 1925-க்கு வந்தால் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது தெரியும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

ஒரு சாவியை இப்போதே கையில் கொடுத்துவிடுகிறேன். இந்தப் படங்களில் ஆபத்து பார்வையில் இருக்கிறது. ஓவியத்தில் இருப்பவன் பார்க்கிறான், சவப்பெட்டியில் கிடப்பவள் பார்க்கிறாள், பார்க்காதே என்று எச்சரிக்கப்பட்டவன் பார்த்துவிடுகிறான். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் விடாமல் கவனித்துக்கொண்டு போனால், கதை புரியாத இடத்தில்கூடப் பயம் புரியும்.

தேடும் முன்: இவை ‘பேய்ப்படம்’ என்ற பெயரில் வராது

சோவியத் ஒன்றியத்தில் பேய்ப்படம் என்று ஒரு வகையே அதிகாரபூர்வமாக இல்லை. யதார்த்தவாதத்தைக் கொள்கையாக வைத்திருந்த அரசு, செத்தவர்கள் எழுந்து நடக்கும் படத்துக்குச் சும்மா பணம் கொடுக்காது. ஆனால் கோகல், புஷ்கின், துர்கனேவ் எழுதியதைப் படமாக்குகிறோம் என்றால் கதவு திறக்கும். அவர்கள் பள்ளிப் பாடத்தில் இருக்கும் மேதைகள். அதேபோல நாட்டுப்புறக் கதை, குழந்தைகளுக்கான மாயக்கதை என்றாலும் கதவு திறக்கும். எனவே இந்தப் படங்கள் ‘செவ்விலக்கியத் திரையாக்கம்’, ‘மாயக்கதை’ என்ற பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. புரட்சிக்கு முந்தைய படங்களும் ‘நாடகம்’ என்ற தலைப்பில்தான் வந்தன. தேடும்போது இயக்குநர் பெயரை வைத்துத் தேடுங்கள். வகைப் பெயரை வைத்துத் தேடினால் பாதி தவறிவிடும்.

முதல் படி: கோகலின் கதையைப் படித்துவிடுங்கள்

பேய்ப்படம் பார்க்கப்போகிறவரிடம் கதையை முதலிலேயே படிக்கச் சொல்வது வினோதமாகத் தோன்றலாம். இங்கே அது அவசியம். 1967-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ரஷ்ய ரசிகர் ஒவ்வொருவருக்கும் முடிவு தெரியும். முடிவு தெரிந்தும் பயப்படவைப்பதுதான் படத்தின் வேலை. அதே நிலையில் இருந்து நாமும் பார்க்க வேண்டும்.

‘வீய்’ 1835-இல் ‘மீர்கொரத்’ என்ற தொகுப்பில் வந்த நீண்ட கதை. உக்ரைன் மண்ணில் நடப்பது. கீவ் நகரத்து மதப்பள்ளி மாணவர்கள் மூன்று பேர் விடுமுறைக்கு நடந்து போகையில் இருட்டில் வழி தவறி ஒரு கிழவியின் வீட்டில் தங்குகிறார்கள். இரவில் அந்தக் கிழவி, கோமா பிரூத் என்ற மாணவனின் முதுகில் ஏறிக்கொண்டு அவனைக் குதிரைபோல ஓட்டிப் பறக்கிறாள். அவன் ஜெபம் சொல்லித் தப்பி, அவள் மேல் ஏறி அடித்துத் துவைக்கிறான். விழுந்து கிடப்பவளைப் பார்த்தால் கிழவி இல்லை, அழகான இளம்பெண். பயந்து கீவுக்கே ஓடிவிடுகிறான். சில நாளில் கொசாக் எனும் குதிரைவீரக் கூட்டத்தின் தலைவன் ஒருவனிடமிருந்து ஆள் வருகிறது: என் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள், கோமா பிரூத் என்பவன்தான் மூன்று இரவு அவளுக்காக ஜெபம் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போகிறான். சவப்பெட்டியில் கிடப்பவள் அவளேதான்.

மூன்று இரவுகள், பாழடைந்த மரத் தேவாலயம், பேய் நெருங்காமலிருக்கத் தன்னைச் சுற்றி அவன் போட்டுக்கொள்ளும் வட்டம். மூன்றாம் இரவில், இமைகள் தரைவரை தொங்கும் வீய் என்ற பூதம் அழைத்துவரப்படுகிறது. “என் இமைகளைத் தூக்குங்கள், எனக்குத் தெரியவில்லை” என்கிறது. பார்க்காதே என்று கோமாவின் உள்ளே ஒரு குரல் சொல்கிறது. பார்க்கிறான். அவ்வளவுதான்.

கோகல் ஒரு குறிப்பில் இது மக்கள் கற்பனையில் பிறந்த பூதம், கேட்டபடியே சொல்கிறேன் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தப் பெயரில் ஒரு பூதத்தை உக்ரைனிய நாட்டுக்கதைகளில் தேடிச் சலித்திருக்கிறார்கள். கீழே தொங்கும் இமைகளை ஆட்கள் தூக்கிவிட வேண்டிய கிழவர்கள் அந்தப் பகுதிக் கதைகளில் உண்டு. மற்றது கோகலின் கைவண்ணம் என்றே நானும் நினைக்கிறேன்.

படிப்பதற்கு ஒரு மாலை போதும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த தமிழ் ரஷ்ய நூல்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிராமத்து வாசம் உடனே பிடிபடும்.

இரண்டாம் படி: ‘வீய்’ (1967)

இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. 2014-இல் இதே பெயரில் கணினி வரைகலை நிறைந்த ஒரு படம் வந்தது. ஓர் ஆங்கிலேய வரைபடக்காரர் உக்ரைனுக்கு வருவதாகக் கதை போகும். அது வேறு படம். உங்களுக்கு வேண்டியது லியோனித் குராவ்லியோவும் நடால்யா வார்லியும் நடித்தது, ஏறத்தாழ 77 நிமிடம் ஓடுவது. மாஸ்ஃபிலிம் தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் தன் சொந்தச் சேனலிலேயே வைத்திருக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள். நிறம் வெளிறிய, ஓரம் வெட்டப்பட்ட திருட்டுப் பிரதிகளைத் தவிர்க்கலாம்.

படத்தின் இயக்குநர்கள் என்று இரண்டு பெயர்கள் வரும்: கான்ஸ்தந்தீன் யெர்ஷோவ், கியோர்கி கிரபச்சோவ். மாஸ்ஃபிலிமில் நடந்த உயர் இயக்குநர் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். ஆனால் ‘கலை மேற்பார்வை’ என்ற இடத்தில் இருக்கும் பெயரைக் கவனியுங்கள்: அலெக்சாந்தர் ப்துஷ்கோ. திரைக்கதையிலும் அவர் பெயர் உண்டு. இந்தப் படத்தின் உடம்பில் ஓடுவது அவர் ரத்தம்.

ப்துஷ்கோ 1900-இல் லுகான்ஸ்க் நகரில் பிறந்தவர். பொம்மைகளை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) அசைத்துப் படம் எடுப்பதில் தொடங்கினார். 1935-இல் வந்த அவருடைய ‘புதிய கலிவர்’ முழுநீளப் படம்: உயிருள்ள ஒரு பையன், அவனைச் சுற்றி ஊர் முழுக்கப் பொம்மைகள். 1946-இல் ‘கல் மலர்’; ஜெர்மானியர்களிடமிருந்து போர் வெற்றியில் கிடைத்த வண்ணச் சுருளில் எடுத்து, அதே ஆண்டு கான் விழாவில் வண்ணத்துக்காகப் பரிசு வாங்கியது. ‘சத்கோ’ 1953-இல் வெனிஸில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. 1956-இல் ‘இலியா மூரமெத்ஸ்’, சோவியத்தின் முதல் அகலத்திரைப் படம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூதங்களையும் டிராகன்களையும் கையால் செய்து பழகிய மனிதர், தன் 67-ஆம் வயதில் ஒரு பாழடைந்த தேவாலயத்துக்குள் அந்தத் திறமை முழுவதையும் கொண்டுவந்து இறக்குகிறார். ‘கல் மலர்’ காலத்து ஒளிப்பதிவாளர் ஃபியோதர் புரோவரவும் கூடவே வருகிறார்.

முதல் பாதி உங்களுக்குப் பேய்ப்படமாகவே தெரியாது. மாணவர்கள் கலாட்டா செய்வார்கள், கொசாக்குகள் குடித்துவிட்டு அழுவார்கள், வாத்துகள் ஓடும். நகர்த்திவிடாதீர்கள். கோமா யார் என்று இங்கேதான் தெரிகிறது: சாப்பாட்டையும் வோத்காவையும் நேசிக்கிற, பக்தி அவ்வளவாக இல்லாத, சாதாரணமான பையன். குராவ்லியோவ் அவனை அத்தனை அன்போடு செய்திருக்கிறார். கிழவியாக நடித்திருப்பது நிகலாய் குத்தூசவ் என்ற ஆண் நடிகர். அந்தத் தாடையையும் தோளையும் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று உடம்பு உணர்வதற்குக் காரணம் அதுதான்.

பிறகு மூன்று இரவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கணம் இருக்கிறது.

முதல் இரவில் கிட்டத்தட்ட எதுவுமே நடப்பதில்லை. கோமா மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறான். இருட்டை விரட்டத்தான் ஏற்றுகிறான். ஆனால் வெளிச்சம் கூடக் கூட, சுவரில் கறுத்துப்போன புனிதர்களின் முகங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன, எல்லாமே அவனையே பார்க்கின்றன. பொடி போட்டுத் தும்முகிறான். பெண்ணின் மூடிய கண்ணிலிருந்து ரத்தக் கண்ணீர் வழிகிறது. அவள் எழுகிறாள். எழுந்தவளுக்கு வட்டத்துக்குள் இருப்பவன் தெரிவதில்லை. வெற்றிடத்தில் கைகளைப் பதித்துத் தடவிக்கொண்டே சுற்றிவருகிறாள், நடுவில் கண்ணாடிச் சுவர் இருப்பதுபோல. அங்கே உண்மையில் ஒன்றுமில்லை. நடிகையின் உள்ளங்கைகள் மட்டும்தான் அந்தச் சுவரைக் கட்டுகின்றன. உலகப் பேய்ப்படங்களிலேயே இதைவிடச் செலவில்லாத, இதைவிட நல்ல தந்திரக் காட்சியை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் இரவில் சவப்பெட்டி பறக்கிறது. வார்லி சர்க்கஸ் கலைஞராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். அப்போது இருபதை ஒட்டிய வயது. பறக்கும் பெட்டிமேல் நேராக நிற்கிற அந்தத் துணிச்சல் சர்க்கஸ் கூடாரத்தில் கற்றது. அப்படியும் ஒருமுறை பெட்டியிலிருந்து விழுந்ததையும், குராவ்லியோவ் பிடித்துக்கொண்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். காமிரா கோமாவைச் சுற்றிச் சுழலும்போது வட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். அவன் பாதம் கோட்டை நெருங்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு வயிறு கலங்கும்.

மூன்றாம் இரவுதான் ப்துஷ்கோவின் இரவு. சுவர்களிலிருந்து கைகள் முளைக்கின்றன, சாம்பல் நிற உருவங்கள் பல்லிபோலச் சுவரில் இறங்குகின்றன. இன்றைய கண்ணுக்கு வீய் பூதத்தின் உடை களிமண்ணும் துணியுமாகத் தெரியத்தான் செய்யும். அது குறையாக எனக்குப் படவில்லை. கனம் இருக்கிறது அதற்கு. நடக்க முடியாமல் நடக்கிறது, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து அழைத்துவருகிறார்கள். இமையைத் தூக்கும் நேரத்தில் பூதத்தைப் பார்க்காதீர்கள், குராவ்லியோவின் முகத்தைப் பாருங்கள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தவன் பார்க்கப்போகும் அந்த ஒரு கணம் அங்கே இருக்கிறது.

படம் வெளியானபோது 3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இத்தாலியில் மரியோ பாவா 1960-இலேயே இதே கோகல் கதையிலிருந்து ஒரு நூலை மட்டும் உருவி, வேறொரு புகழ்பெற்ற பேய்ப்படம் எடுத்திருந்தார். சொந்த நாட்டில் கதை பூதத்தோடும் கொசாக்குகளோடும் பேசும் படமாக வருவதற்கு இன்னும் ஏழாண்டு பிடித்தது.

மூன்றாம் படி: மௌனப் படத்துக்குக் கண்ணைப் பழக்குவது

இப்போது ஐம்பது ஆண்டு பின்னால் போகிறோம். அதற்கு முன் சில நடைமுறை விஷயங்கள்.

வேகம். 1910-களின் காமிராக்கள் கையால் சுற்றப்பட்டவை. நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 18 சட்டம். அதைக் கவனமில்லாமல் 24 சட்டத்தில் ஓட்டிப் பதிவேற்றியிருந்தால் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், பயம் சிரிப்பாகிவிடும். யூடியூபின் அமைப்பில் வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள், 18-ஐ 24-ஆல் வகுத்தால் வருவது அதுதான். படத்தின் சரியான நீளத்தை முதலில் தெரிந்துகொள்வதும் உதவும். 46 நிமிடப் படம் 35 நிமிடத்தில் முடிகிறது என்றால் பிரதி வேகமாக ஓடுகிறது.

இசை. பல பிரதிகளில் யாரோ கையில் கிடைத்த பியானோ இசையை ஒட்டியிருப்பார்கள். பொருந்தவில்லை என்றால் ஒலியை நிறுத்திவிட்டு அமைதியாகப் பாருங்கள். இந்தப் படங்கள் அமைதியைத் தாங்கும்.

எழுத்து அட்டைகள். மிஞ்சியிருக்கும் சுருள்கள் பலவற்றில் வசன அட்டைகள் இல்லை. ஆவணக்காப்பகத்தினர் பின்னால் செய்து சேர்த்தவைதான் நாம் பார்ப்பவை. அசல் அட்டை இருந்தாலும் அது 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ரஷ்ய எழுத்தில் இருக்கும், கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி அதில் தடுமாறும். ஆகவே இங்கேயும் கதையை முன்கூட்டித் தெரிந்துகொண்டு உட்காருவதே வழி.

ஆண்டுக் குழப்பம். ரஷ்யா 1918 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நம் கணக்குக்கு 13 நாள் பின்தங்கியது. ஒரே படத்துக்கு ஓரிடத்தில் 1915 என்றும் இன்னோரிடத்தில் 1916 என்றும் போட்டிருந்தால் கலங்க வேண்டாம்.

இன்னொன்று, மிக முக்கியமானது. நடிப்பு மெதுவாக இருக்கும். அது அவர்களுக்குத் தெரியாமல் நேர்ந்ததில்லை. அமெரிக்கப் படம் ஓட்டத்தை நம்பியபோது, ரஷ்யர்கள் நின்று நிதானித்து, ஒரு முகம் மாறுவதை முழுவதும் காட்டுவதையே தங்கள் பெருமையாக வைத்திருந்தார்கள். முடிவும் அப்படித்தான். உள்நாட்டு ரசிகர்கள் சோக முடிவை எதிர்பார்த்தார்கள். ஒரே படத்துக்கு ரஷ்யாவுக்கு ஒரு முடிவு, வெளிநாட்டுக்கு ஒரு மகிழ்ச்சி முடிவு என்று எடுத்ததும் உண்டு.

நான்காம் படி: 1915 முதல் 1917 வரை

முதலில் ஒரு துணுக்கு. விளாதிஸ்லாவ் ஸ்தாரேவிச், செத்த வண்டுகளுக்குக் கம்பி கட்டி நடிக்கவைத்துப் புகழ்பெற்றவர். அவர் 1915-இல் கோகலின் ‘உருவப்படம்’ கதையை எடுத்தார். மிஞ்சியிருப்பது 8 நிமிடம்போல. ஓர் ஓவியன் பழைய படம் ஒன்றை வாங்கிவந்து மாட்டுகிறான். அதில் இருக்கும் கிழவன் பார்க்கிறான். பிறகு சட்டத்தைவிட்டு இறங்கி வருகிறான். எல்லாம் ஒரே அறையில், பெரிய வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல். கைபேசியிலேயே பார்த்துவிடலாம், ஆனால் விளக்கை அணைத்துவிடுங்கள்.

அடுத்து யாக்கோவ் புரோதசானவின் ‘ஸ்பேடு ராணி’ (1916). புஷ்கின் 1834-இல் வெளியிட்ட கதை. எர்மன் என்ற ராணுவ அதிகாரி, தோற்காத மூன்று சீட்டுகளின் ரகசியம் ஒரு கிழட்டுச் சீமாட்டிக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, இரவில் அவள் அறைக்குள் நுழைந்து மிரட்டுகிறான். அவள் பயத்தில் செத்துவிடுகிறாள். புஷ்கினிடம் ஒரு வரி வரும்: சவப்பெட்டி அருகே அவன் குனியும்போது, பிணம் ஒரு கண்ணைச் சுருக்கிக் கேலியாகப் பார்த்ததுபோல அவனுக்குத் தோன்றுகிறது. கடைசியில் சூதாட்ட மேசையில் ஸ்பேடு ராணிச் சீட்டும் அதேபோலக் கண் சுருக்குகிறது. எர்மனாக இவான் மொஸ்ஜூகின். வெளிறிய பெரிய கண்கள் அவருடையவை, அதை வைத்தே அவர் காலம் முழுவதும் ஆண்டார். இந்தப் படத்தில் அவரை எதிரே வைத்து அசையாமல் பார்க்கும் காட்சிகளில் பைத்தியம் எப்படி ஒருவனுக்குள் மெல்ல ஏறுகிறது என்று தெரியும். முடிவில் சிலந்தி வலைக்குள் சிக்குவதாக அவன் காணும் காட்சி இன்றும் கூசவைக்கும்.

இப்போது இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்: யெவ்கேனி பாவர். 1865-இல் பிறந்து, ஓவியமும் சிற்பமும் கற்று, மேடைக் காட்சியமைப்பாளராக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதை ஒட்டித்தான் படம் இயக்கவே வந்தார். நாலே ஆண்டில் எழுபதுக்கும் மேல் எடுத்தார், 1917 கோடையில் கிரீமியாவில் கால் முறிந்து படுத்து, நிமோனியா கண்டு இறந்துபோனார். புரட்சியின் அக்டோபரை அவர் பார்க்கவில்லை. படங்களில் மிஞ்சியவை இருபத்தைந்து போலத்தான். அவற்றில் ‘இறந்த பின்’ (1915) என்ற 46 நிமிடப் படத்தில் தொடங்குங்கள்.

மூலம் துர்கனேவ் தன் கடைசிக் காலத்தில் எழுதிய கதை. அதற்குப் பின்னால் ஒரு நிஜச் சாவு இருக்கிறது: யெவ்லாலியா கத்மினா என்ற நடிகை 1881-இல் கார்கோவ் நகரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே விஷம் குடித்தார். படத்தில் நாயகியின் பெயரும் கத்மினாதான்.

புத்தகமும் புகைப்படமும் தவிர வேறு உலகம் தெரியாத ஓர் இளைஞனை நண்பன் ஒரு விருந்துக்கு இழுத்துப் போகிறான். இங்கே ஏறத்தாழ மூன்று நிமிடம் நீளும் ஒரே காட்சி வருகிறது. காமிரா அவனோடு சேர்ந்து கூட்டத்துக்குள் நகர்கிறது, ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்யப்படுகிறான், கூச்சத்தில் நெளிகிறான். 1915-இல் இப்படி நகரும் காமிரா அபூர்வம். நாம் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் அவனைப் பார்க்கிறாள். பிறகு அவள் மேடையில் நின்று வாசிக்கையில் நம்மை நோக்கி வருகிறாள், முகம் திரையை நிறைக்கிறது. வேரா கராலி, மாஸ்கோ பல்ஷோய் அரங்கின் பாலே கலைஞர். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவன் ஒதுங்குகிறான். மூன்று மாதம் கழித்து, அவள் மேடையில் விஷம் குடித்துச் செத்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறான்.

இதன் பிறகு படத்தில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஒரு புகைப்படம், ஒரு நாட்குறிப்பு, கனவில் வயல்வெளியில் காற்றில் வெள்ளை உடையோடு நிற்கும் பெண். உயிரோடு இருந்தபோது பார்க்க மறுத்தவளை இறந்த பின் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அந்தப் பார்வையே அவனைக் கொண்டுபோகிறது. அறையின் விளக்கொளியைக் கவனியுங்கள்: ஒவ்வொரு இரவும் மேசை விளக்கைச் சுற்றி இருக்கும் வெளிச்சத் தீவு சுருங்கிக்கொண்டே வரும். ஓவியப் பள்ளியில் படித்தவர் எடுத்த படம் என்பது அங்கே தெரியும்.

இது பிடித்தால் ‘சாகும் அன்னம்’ (1917) பாருங்கள். கராலி இதில் வாய்பேச முடியாத நடனக்காரி. சாவை அதன் உண்மை முகத்தோடு வரைந்தே தீருவேன் என்று அலையும் ஓர் ஓவியன் அவளைப் பார்க்கிறான். அவள் துயரம் அவனுக்கு வேண்டும். அவள் காதலில் மகிழ்ச்சியடைந்து முகம் மலர்ந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் காணும் கெட்ட கனவில் எல்லாப் பக்கமிருந்தும் கைகள் நீளும். ‘வீய்’ தேவாலயச் சுவரில் முளைத்த கைகள் நினைவுக்கு வரும். கராலி ஆடும் நடனத்துக்கு உரிய இசை சேன்-சான்ஸ் எழுதிய அன்னப் பாட்டு. பிரதியில் இசை சரியில்லையென்றால் அதைத் தனியாக ஓடவிடலாம்.

புரோதசானவின் ‘சாத்தானின் வெற்றி’ (1917) முழுவதும் கிடைக்கவில்லை, துண்டுகளாகத்தான் இருக்கிறது. மொஸ்ஜூகின் அப்பா மகன் இருவராகவும் நடிக்கிறார். நாலு படம் பார்த்துப் பழகிய பிறகு போனால் போதும்.

ஐந்தாம் படி: புரட்சியைத் தாண்டி வந்த கரடி

1917-க்குப் பிறகு இந்தக் கூட்டம் சிதறியது. ஸ்தாரேவிச்சும் மொஸ்ஜூகினும் பிரான்சுக்குப் போனார்கள், திரும்பவேயில்லை. புரோதசானவும் போனார், ஆனால் 1923-இல் திரும்பிவந்தார். வந்ததும் எடுத்தது செவ்வாய் கிரகத்துக்குப் போகும் ‘அயெலித்தா’ (1924). அதில் செவ்வாயின் கொடுங்கோல் தலைவனாக நடித்த கான்ஸ்தந்தீன் எக்கெர்த் என்பவரை நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் அடுத்த ஆண்டே எக்கெர்த், விளாதிமிர் கார்தினோடு சேர்ந்து ‘கரடிக் கல்யாணம்’ (1925) என்ற படத்தை இயக்கி, நாயகனாகவும் நடித்தார். மெரிமே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கதை. லித்துவேனியக் காட்டில் ஒரு பிரபு. அவன் வயிற்றில் இருக்கும்போது தாயைக் கரடி தாக்கியிருக்கிறது. அவனுக்குள் மிருகம் எழும் நேரங்கள் உண்டு. அவனுக்குத்தான் கல்யாணம். இதை நாடகமாக எழுதி, திரைக்கதையிலும் கைவைத்தவர் யார் தெரியுமா? சோவியத் அரசின் கல்வி அமைச்சராக இருந்த லுனச்சார்ஸ்கி. அவர் மனைவி நடால்யா ரோசனெலும் நடித்திருக்கிறார். சீரழியும் பிரபுத்துவத்தின் கதை என்று இதற்கு நியாயம் சொல்லப்பட்டது. இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். மக்களோ கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். புரட்சி நடந்து எட்டாண்டு ஆகியும் இருட்டு மாளிகையும் சபிக்கப்பட்ட மாப்பிள்ளையும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கல்யாண இரவுக்கு முன்னால் எக்கெர்த் கண்ணாடியில் தெரிவதுபோல் தன்னையே அஞ்சி நிற்கும் முகபாவங்களுக்காகவே இதைப் பார்க்கலாம். கொஞ்சம் இழுவை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளில் இந்த ஓடை வறண்டது. கதவு மூடிக்கொண்ட அந்த ஆண்டுகளில்தான் ப்துஷ்கோ குழந்தைகளுக்கான பொம்மைப் படம் என்ற பெயரில் பூதம் செய்யும் கலையை உயிரோடு வைத்திருந்தார். அதனால்தான் அவர் வழியாக உள்ளே நுழையச் சொன்னேன்.

எங்கே தேடுவது, அப்புறம் எங்கே போவது

புரட்சிக்கு முந்தைய படச்சுருள்களைக் காத்துவைத்திருப்பது மாஸ்கோவுக்கு அருகே பேலியே ஸ்தோல்பியில் இருக்கும் கோஸ்ஃபில்மோஃபோந்த் என்ற அரசு ஆவணக்காப்பகம். 1989-இல் இத்தாலியின் பொர்தெனோனே மௌனப்பட விழாவில் அவை மொத்தமாகத் திரையிடப்பட்ட பிறகுதான் உலகம் பாவரை மறுபடி கண்டுகொண்டது. அந்தப் பிரதிகளிலிருந்து வந்த டிவிடிகளில், பாவரின் மூன்று படங்களைச் சேர்த்து பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட தொகுப்பு நம்பகமானது. ‘இறந்த பின்’, ‘சாகும் அன்னம்’ இரண்டும் அதில் உண்டு. இவையெல்லாம் காப்புரிமைக் காலம் கடந்த படங்கள், யூடியூபிலும் இணைய ஆவணக்காப்பகத்திலும் கிடைக்கும். தலைப்பை ரஷ்ய எழுத்திலேயே தேடினால் நல்ல பிரதி மேலே வரும். விக்கிப்பீடியாவின் ரஷ்யப் பக்கத்திலிருந்து தலைப்பை நகலெடுத்து ஒட்டினால் போதும். சென்னையில் இருப்பவர்கள் கஸ்தூரி ரங்கா சாலையிலுள்ள ரஷ்ய கலாசார மையத்தின் திரையிடல் அறிவிப்புகளையும் ஒரு கண் பார்த்துவையுங்கள்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். பாவர் படம் ஒன்று பார்த்த இரவில் இன்னொன்று பார்க்காமல் இருப்பது நல்லது.

இந்த வரிசை முடிந்ததும் இரண்டு படங்கள் மிச்சம் இருக்கின்றன. வலேரி ரூபின்சிக் பெலாருஸில் எடுத்த ‘ஸ்தாக் மன்னனின் காட்டு வேட்டை’ (1979): சதுப்பு நிலம், பழைய மாளிகை, இரவில் வரும் குதிரைகள். இன்னொன்று லெனின்கிராதில் அலெக் தெப்த்சோவ் எடுத்த ‘திருவாளர் அலங்காரக் கலைஞர்’ (1987). புரட்சிக்குச் சற்று முந்தைய பீட்டர்ஸ்பர்க், சாவை வெல்லும் உருவம் ஒன்றைச் செய்துவிட்ட ஒரு கலைஞன், அந்த உருவத்தின் கண்கள். பாவர் வாழ்ந்த அதே காலத்துக்கு, அவர் இறந்து எழுபது ஆண்டு கழித்துத் திரும்பிப் போகும் படம் அது. பாவரைப் பார்க்காமல் அதைப் பார்ப்பவர்களுக்கு அது ஒரு விசித்திரமான படம் மட்டுமே. நீங்கள் கடைசியில் பாருங்கள்.